காப்புறுதியில் இல்லாத நோய்

லோகேஸ்வரிக்கு முப்பத்தேழு வயது. கிள்ளானில் ஓர் அரசு வாரியத்தில் பன்னிரண்டு வருடமாகக் கெரானி, எழுத்தர் வேலை. ஊழியர்கள் நிரப்பிக் கொடுக்கும் மருத்துவக் காப்புறுதிப் பாரங்கள், படிவங்கள் எல்லாம் அவள் மேசைக்குத்தான் வரும். யாருக்கு இருதயத்தில் அடைப்பு, யாருக்கு மூலம் என்று அந்தக் கட்டடத்தில் அவளுக்குத் தெரியாததில்லை. வெளியே ஒரு வார்த்தை விட்டதுமில்லை.

தன்னுடைய பாரத்தை நிரப்ப உட்கார்ந்தபோது கை ஓடவில்லை. சிகிச்சையின் பெயர் என்ற கட்டத்தில் செயற்கைக் கருத்தரிப்பு என்று எழுத வேண்டும். அதை மேலதிகாரி புவான் ரொஹானா படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். கல்யாணமாகி ஒன்பது வருடம். "இன்னும் ஒண்ணும் இல்லையா?" என்று தீபாவளிக்குத் தீபாவளி கேட்கச் சொந்தத்தில் ஆள் இருக்கிறது. ஆபீசிலும் வேண்டுமா?

கணவன் முகுந்தன் துறைமுகக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுபவன். சோதனையில் அவனுக்குக் குறை எதுவும் இல்லை. "என் பேரையும் சேர்த்து எழுதிடு. உன் பேரு மட்டும் ஏன் தனியா நிக்கணும்?" என்றான். அதற்குப் பிறகுதான் எழுதினாள்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. கருவளச் சிகிச்சை நோய்க்கான சிகிச்சை ஆகாது, ஆகவே காப்புறுதியில் இடமில்லை. அந்த வாக்கியம் அவளுக்கு மனப்பாடம். கம்பெனி மறுக்கும்போதெல்லாம் அதை அப்படியே டைப் செய்து ஊழியர்களுக்கு அனுப்பியவள் அவள்தான்.

பழைய கோப்புகளைப் புரட்டினாள். பன்னிரண்டு வருடத்தில் இதே பதிலை வாங்கியவர்கள் ஐந்து பேர். அதில் ஒருத்தி மலர்விழி, பிரிக்பீல்ட்ஸ் கிளையில் கவுண்டர் வேலை. கடிதம் கிடைத்த அன்று போன் செய்து, "வேற வழி ஏதும் இருக்கா?" என்று கேட்டது நினைவுக்கு வந்தது. "ரூல் அப்படித்தான்கா" என்று சொல்லிவிட்டு வைத்ததும் நினைவுக்கு வந்தது.

அந்தச் சனிக்கிழமை ரயிலேறித் தலைநகரின் சென்ட்ரல் நிலையத்தில் இறங்கி, பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் மலர்விழியைச் சந்தித்தாள். மலர்விழிக்கு இப்போது நாற்பத்தாறு.

"அந்த லெட்டரை டைப் பண்ணது நான்தான்கா."

"தெரியும்லா. கீழ உன் இனிஷியல் இருந்துச்சே."

"மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன்."

"ரூல் உன்னுது இல்ல. ஆனா நீ போனை வெச்ச வேகம் இருக்கே, அது ரொம்ப நாள் மனசுல நின்னுச்சு." மலர்விழி சோற்றைப் பிசைந்தபடியே சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"சரி, உனக்கு என்ன பிரச்சனை?" என்று மலர்விழி கேட்டாள்.

"கருக்குழாய்ல அடைப்பு. ரெண்டு வருஷம் முன்ன ஆபரேஷன் பண்ணாங்க. முழுசா சரியாகல."

"ஆபரேஷனுக்கு யாரு கட்டினா?"

"காப்புறுதிதான்."

"அப்ப அது நோய். அந்த நோய்க்கு அடுத்த வைத்தியம் மட்டும் நோய் இல்லையா?"

பன்னிரண்டு வருடம் அந்தப் பாரங்களோடு குப்பை கொட்டிய லோகேஸ்வரிக்கு இது தோன்றவேயில்லை.

ஒரே பக்கத்தில் மலாய் மொழியில் மேல்முறையீடு எழுதினாள். மலர்விழி தன் பழைய கடிதத்தையும் இணைக்கச் சொன்னாள், பெயரை மறைக்காமல். மற்ற நால்வரில் இருவர் சம்மதித்தார்கள்.

ஊழியர் நலக் குழு அவளை நேரில் கூப்பிட்டது. ஏழு பேரில் ஆறு பேர் ஆண்கள். "பிள்ளை பெறுவது அவரவர் ஆசை இல்லையா?" என்று ஒருவர் கேட்டார்.

"ஆசைக்குக் கேட்கவில்லை, துவான். காலில் ஆபரேஷனுக்குப் பணம் கட்டிவிட்டு, நடக்க ஆசைப்பட்டால் அது உன் பாடு என்று சொல்வீர்களா?" என்றாள் மலாயில். நடுவில் எங்கும் நிற்கவில்லை.

முடிவு வர எட்டு மாதம் ஆனது. வயது அதுவரை காத்திருக்குமா? முகுந்தனின் சேமநிதியிலிருந்து எடுத்துச் சிகிச்சையைத் தொடங்கினார்கள். முதல் முறை கரு தங்கவில்லை. இரண்டாம் முறை தங்கி, ஏழாவது வாரத்தில் கலைந்தது. விடுப்புப் பாரத்தில் காய்ச்சல் என்று எழுதப் போனவள், அதை அடித்துவிட்டுக் கருச்சிதைவு என்றே எழுதினாள். புவான் ரொஹானா எதுவும் கேட்கவில்லை. லோகேஸ்வரியின் மேசையில் குவிந்திருந்த பாரங்களைத் தன் அறைக்கு எடுத்துப்போய் அந்த வாரம் முழுவதும் தானே பார்த்தார்.

குழுவின் முடிவுப்படி வாரியம் காப்புறுதியைப் புதுப்பித்தபோது புதிய விதி வந்தது. நோயினால் வந்த குறை என்று மருத்துவர் சான்று கொடுத்தால், நாற்பது வயது வரை இரண்டு முறை செலவை ஏற்கும். லோகேஸ்வரிக்கு அப்போது முப்பத்தெட்டு முடிந்திருந்தது. இன்னொரு முறை போகலாம்.

"உனக்கு வேணும்னா போவோம். எனக்காகப் போகாத" என்றான் முகுந்தன்.

ஒரு மாதம் யோசித்தாள். ஊசி போட்டுப் போட்டு வயிறு கன்றிப்போயிருந்தது. ஒவ்வொரு முறையும் பதினாலு நாள் எண்ணிக் காத்திருப்பது அதைவிட மோசம். "போதும்" என்றாள். சொன்ன பிறகு இரண்டு நாள் நன்றாகத் தூங்கினாள். அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

புதிய விதியில் முதல் பாரம் கொடுத்தவன் யுகேந்திரன், கேரி தீவுக்காரன், வாரியத்தில் டெக்னீஷியன். மனைவிக்குக் கருப்பையில் கட்டி. எந்தக் கட்டத்தில் என்ன எழுதினால் திரும்பி வராது என்று லோகேஸ்வரி பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தாள். அடுத்த வருடம் அவர்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. முப்பதாம் நாள் விருந்துக்கு அவளையும் முகுந்தனையும் அழைத்தார்கள்.

போனாள். குழந்தையை வாங்கிக் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்தாள். திரும்பும் வழியில் தீவுப் பாலம் தாண்டியதும் அழுகை வந்தது. முகுந்தன் காரை ஓரம் கட்டினான். பின்னால் வந்த லோரிகள் ஒவ்வொன்றாகக் கடந்து போயின. அவன் ஒரு கையை அவள் தோளில் வைத்திருந்தான்.

"குழந்தைக்கு எவ்வளவு முடி பாத்தீங்களா?" என்றாள், முகத்தைத் துடைத்துக்கொண்டு.

"பாத்தேன்லா" என்றான் அவன்.