அண்ணனுக்கு ஊட்டிய மூன்றாவது ஸ்பூன்

முதலில் என் கையெழுத்துக்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். அதற்குப் பிறகு பேனா பிடித்ததெல்லாம் சம்பளப் படிவத்தில் கையெழுத்துப் போடவும் மரப்பெட்டி மேல் எண் எழுதவும்தான். எழுத்து ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். எந்த ல, எந்த ன என்று சந்தேகம் வந்தால் கைக்கு வந்ததைப் போட்டுவிடுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள். எழுத்தில்தான் பிழை இருக்கும், நடந்ததை மாற்றி எழுதவில்லை.

ஒரகடத்தில் ஒரு கம்பெனிக்கு மரப்பெட்டி அடிக்கிறேன். லாரி பாகங்கள் அந்தப் பெட்டிகளில்தான் கப்பலேறுகின்றன. ஆணி அடிக்கும் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது. அதனாலேயே அந்த வேலை எனக்குப் பிடிக்கும். நாலு பேர் முன்னால் எனக்கு நாக்கு எழாது. கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் ஏதாவது கேட்டால்கூட தலையை ஆட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். என் மனைவி சுங்குவார்சத்திரம் பக்கத்தில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை செய்கிறாள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்துப் பிறந்த ஒரே மகள் எங்களுக்கு.

அவள் ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். இரண்டு மாதம் மூக்கில் குழாய் விட்டுத்தான் பால் கொடுத்தார்கள். குழாயை எடுத்த பிறகு வாய்ப்பக்கம் எது வந்தாலும் அவளுக்குப் பயம். ஸ்பூன், டம்ளர், முத்தம் கொடுக்க வருகிற முகம், எல்லாவற்றுக்கும் தலையைத் திருப்பிக்கொள்வாள். நாலு வயதிலும் பாட்டில் பால்தான். பார்த்தவர்கள் எல்லாம் பிடிவாதம் என்றார்கள், தாய்க்கு வளர்க்கத் தெரியவில்லை என்றார்கள். சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், இது ஒரு நோய், இதற்குத் தனியாகப் பேர் இருக்கிறது என்று டாக்டர் சொன்னபோது என் மனைவி அழுதாள். எனக்கு முதலில் புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது, அது நிம்மதி அழுகை.

அங்கே ஓர் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. சாப்பிட மறுக்கும் பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு ஆஸ்பத்திரியில் வைத்துப் பயிற்சி, மீதிப் பேருக்குப் பெற்றோரிடம் சொல்லிக்கொடுத்து வீட்டிலேயே பயிற்சி. எது பலன் தருகிறது என்று பார்க்கிறார்கள். யார் எந்தப் பக்கம் என்பதை டாக்டர் முடிவு செய்வதில்லை, கம்ப்யூட்டர் சீட்டுப் போடுகிறது. எங்களுக்கு வீட்டுப் பயிற்சி விழுந்தது. ஆறு மாதத்துக்குள் எடை ஏறாவிட்டால் வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைக்க வேண்டிவரும் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து எனக்கு அந்தக் குழாய்தான் கண்ணில் நின்றது.

பயிற்சி தரும் மேடம் முதலில் நாங்கள் எப்படி ஊட்டுகிறோம் என்று பார்த்தார். மனைவி கெஞ்சினாள், பாடினாள், காக்கா காட்டினாள். மகள் வாயைத் திறக்கவில்லை. அடுத்து என்னை உட்காரச் சொன்னார்கள். எனக்குச் சொல்ல எதுவும் தெரியாது. ஸ்பூனைத் தூக்கி அவளுக்கு ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவள் ஒரு விரலால் ஸ்பூனைத் தொட்டாள். அந்த விரலை நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"இனிமே நீங்கதான் ஊட்டணும்ப்பா," என்றார் மேடம். "இவளுக்குப் பேசாத ஆள்தான் வேணும்."

என் வாழ்க்கையில் இந்தக் குணத்தை ஒருவர் நல்லதாகச் சொன்னது அன்றுதான்.

ஒரே நாற்காலி, ஒரே ஸ்பூன், ஒரே ஆள். இருபது நிமிஷம், அதற்கு மேல் ஒரு நிமிஷம்கூட இல்லை. திட்டக் கூடாது, கெஞ்சக் கூடாது, அவள் தலையைத் திருப்பினால் ஸ்பூனை இறக்கிவிட வேண்டும். என்ன கொடுத்தோம், எத்தனை ஸ்பூன் போனது, அன்று வேறு என்ன நடந்தது, எல்லாவற்றையும் அவர்கள் கொடுத்த நோட்டில் எழுத வேண்டும். ஷிப்ட் முடிந்து வந்து கைகால் கழுவியதும் அதுதான் என் வேலை. ஐந்தாவது வாரம் பருப்பு சாதம் ஒன்பது ஸ்பூன் போனது. ஒன்பது என்று எழுதிவிட்டு அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சேரப்பணஞ்சேரியில் எங்கள் வீட்டின் முன்பகுதியில் என் அண்ணன் இருக்கிறான். மனை வாங்கி விற்கும் புரோக்கர். எந்த இடத்துக்குப் போனாலும் பத்து நிமிஷத்தில் நாலு பேரைச் சிரிக்க வைத்துவிடுவான். பெரும்பாலும் என்னை வைத்துத்தான்.

"இன்னாடா இது, கம்பெனில பஞ்ச் அடிக்கிற மாதிரி மணி பாத்து சோறு ஊட்டிகினு கீற? பேசவே மாட்டான், இவன் டாக்டருக்கு அசிஸ்டென்ட்டாம்."

நான் எதுவும் சொல்ல மாட்டேன். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

ஆறாவது வாரம் ஒரு நாள், மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் இருவரும் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், அவன் அவளைத் தொக்கம் எடுக்கத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். எங்கள் பக்கத்தில் பிள்ளை சாப்பிடாவிட்டால், வயிற்றில் பழைய சோறு ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதுதான் தொக்கம் என்பார்கள். அதை எடுப்பதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள். அண்ணன் தேடிப்போன ஆள், வயிற்றை நீவி, தொண்டைக்குள் இரண்டு விரலை விட்டு எடுக்கிறவன்.

நான் வீட்டுக்கு வந்தபோது அண்ணன் ஒரு பேப்பர் மடிப்பைப் பிரித்துக் காட்டினான். உள்ளே கொழகொழவென்று ஒரு சோற்று உருண்டை.

"பார்றா. இத்தினி நாளா உள்ளயே கீது. உன் ஆஸ்பத்திரிக்காரன் கண்டுபிடிச்சானா? நான்தான் கை கால புடிச்சுகினேன். இன்னா முறுக்கு முறுக்குறா. பிடிவாதம் பிடிக்காத, வாயத் தொறன்னு ஒரு அதட்டு அதட்டுனேன் பாரு, தொறந்துட்டா."

"உன்ன யாருண்ணா கேட்டது?" என்றேன். அதுவே எனக்குப் பெரிய பேச்சு.

"பெரியப்பன்டா நானு. உன்ன கேக்கணுமா?"

அன்று மகளை நாற்காலியில் உட்கார வைத்தேன். அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். உதட்டோரம் நகம் கீறியிருந்தது. இருபது நிமிஷமும் அந்தக் கை இறங்கவில்லை. பூஜ்யம் என்று எழுதினேன். அதோடு விடவில்லை. எந்த நாள், யார் கொண்டுபோனது, யார் கால் பிடித்தது, எத்தனை விரல், என்ன சொல்லி அதட்டினான் என்று இரண்டு பக்கம் எழுதினேன். பேனா அழுந்தி அடுத்த தாளிலும் தழும்பு விழுந்தது. வேறு வைத்தியம் பார்த்தால் ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று பயம்தான். இருந்தாலும் அவன் செய்தது எங்காவது ஒரு தாளில் நிற்க வேண்டும் என்று தோன்றியது.

மேடம் படித்தார். ஆராய்ச்சியிலிருந்து எங்களை எடுக்கவில்லை. வீட்டில் பிள்ளையைத் தொடுகிற பெரியவர்கள் எல்லாரும் ஒரு நாள் பயிற்சிக்கு வர வேண்டும் என்று மட்டும் சொன்னார். அண்ணன் மறுக்கவே இல்லை. கூட்டம் என்றால் அவனுக்கு ஆசை. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தான்.

ஐந்து குடும்பங்கள் வந்திருந்தன. பிள்ளைகளைப் பக்கத்து அறையில் பொம்மைகளோடு விட்டார்கள். மனைவி அங்கே இருந்தாள். எங்களை இரண்டிரண்டு பேராக உட்கார வைத்து, ஒருவர் கண்ணைத் துணியால் கட்டி, இன்னொருவரை ஊட்டச் சொன்னார்கள். உப்பில்லாத ரவைக் கூழில் பாகற்காய் அரைத்துக் கலந்திருந்தது. ஆளுக்கு இரண்டு ஸ்பூன். வேண்டாம் என்றால் கையைத் தூக்க வேண்டும், கை தூக்கினால் ஊட்டுகிறவர் உடனே நிறுத்த வேண்டும். பிள்ளைக்கு எப்படி இருக்கும் என்று பெரியவர்களுக்குப் புரிய வைக்கத்தான் இது.

"மேடம், கறி கிறி இல்லியா?" என்றான் அண்ணன், கண்ணைக் கட்டியபடியே. "என் தம்பி ஊட்டுறான், எனக்கு வெக்கமா கீது மேடம்." எல்லாரும் சிரித்தார்கள். மேடமும் சிரித்துவிட்டு அடுத்த குடும்பத்தின் பக்கம் திரும்பினார்.

முதல் ஸ்பூனை ஒழுங்காகக் கொடுத்தேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கினான். இரண்டாவதை, அவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்த நேரத்தில் உள்ளே விட்டேன். கையைத் தூக்கினான்.

அந்தக் கையைப் பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன். இடது கையால் அவன் தாடையைப் பிடித்து, மூன்றாவது ஸ்பூனை அடிநாக்கு வரைக்கும் தள்ளினேன்.

"பிடிவாதம் பிடிக்காத," என்றேன். "வாயத் தொற."

குமட்டினான். கூழ், காலையில் சாப்பிட்ட இட்லி, எல்லாம் வெள்ளைச் சட்டை மேல் வந்தது. கட்டுக்கு அடியில் கண்ணீர் ஒழுகியது. ஐந்து குடும்பமும் பார்த்தது. யாரும் சிரிக்கவில்லை. எனக்கு நெஞ்சுக்குள் பனிக்கட்டி வைத்தது போல் குளிர்ந்தது. இதை எழுதும்போதும் அந்தக் குளிர்ச்சி இருக்கிறது. சிலருக்கு ஒத்துக்கொள்ளாதுதான் என்று சொல்லி ஓர் உதவியாளர் தண்ணீர் கொண்டுவந்தார். மேடம் பார்க்கவில்லை.

நிமிர்ந்தபோது, பக்கத்து அறைக் கதவின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் மகள் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு கையும் வாய் மேல் இருந்தன.

வெளியே வந்ததும் அண்ணன் கேட்டான்: "வேணும்னேதானடா பண்ண?"

"ஆமாண்ணா."

அவன் எங்களை விட்டுவிட்டுத் தனியாகப் போய்விட்டான். அன்று முதல் பேச்சில்லை. முன்பகுதிக் கதவு மூடியே இருக்கிறது. எனக்கு அதில் சந்தோஷம்தான்.

ஆனால் அன்று சாயங்காலம் நான் ஸ்பூனை எடுத்ததும் மகள் நாற்காலியிலிருந்து வழுக்கி இறங்கி, கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள். அழவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டு இருந்தாள். மறுநாளும் அப்படித்தான். தொக்கத்துக்குப் பிறகு மெதுவாக இரண்டு ஸ்பூன் வரை வந்திருந்தவள். இப்போது மூன்று வாரமாகப் பூஜ்யம்.

மேடம் நோட்டைப் புரட்டினார். "ட்ரெயினிங் அன்னைக்கு மட்டும் பக்கம் காலியா இருக்கேப்பா. எதாவது நடந்துச்சா?"

"ஒண்ணும் இல்ல மேடம்."

"காரணம் தெரியலன்னா, இந்த முறையே இவளுக்கு வேலை செய்யலன்னுதான் எங்க பக்கம் பதிவாகும். இத வெச்சுதான் நாளைக்கு மத்த பிள்ளைங்களுக்கும் முடிவு பண்ணுவோம். இவளுக்கும் அடுத்து குழாயப் பத்திதான் பேசணும்."

என் மனைவி என்னைப் பார்த்தாள். அன்று கண்ணாடி வழியாக அவளும் பார்த்திருந்தாள். பஸ்ஸில் அவள்தான் ஆரம்பித்தாள்.

"மச்சாண்டார் பண்ணத ரெண்டு பக்கம் எழுதுனீங்க. நீங்க பண்ணதுக்கு ஒரு வரிகூட இல்லியா?"

"அவன் பண்ணதும் நான் பண்ணதும் ஒண்ணா?"

"உங்களுக்கு இல்ல. அவளுக்கு ஒண்ணுதான்."



நாலு நாள் அந்தக் காலிப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊட்டும் ஆளை மாற்ற வேண்டுமென்றால் மேடம் அனுமதிக்க வேண்டும், அனுமதிக்கக் காரணம் வேண்டும். இன்று காலை எழுதிவிட்டேன். அண்ணன் கை தூக்கியதைப் பார்த்தேன், பார்த்துக்கொண்டேதான் ஊட்டினேன். மகள் பார்த்துவிட்டாள். அவள் பயப்படுவது என் கைக்கு, உங்கள் முறைக்கு இல்லை. அவள் அம்மா ஊட்டட்டும், பேசாமல் ஊட்டுவதற்கு நான் சொல்லித்தருகிறேன். இவ்வளவுக்குத்தான் அந்தப் பக்கத்தில் இடம் இருந்தது. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

அந்தப் பக்கத்தில் நான் வருத்தப்படுகிறேன் என்று எழுதவில்லை. இங்கேயும் எழுத மாட்டேன். மகள் பார்த்ததற்கு வருத்தம் உண்டு, அது தீராது. அண்ணனுக்கு ஊட்டியதற்கு இல்லை. இன்னொரு முறை அவனை அந்த நாற்காலியில் உட்கார வைத்தால் நாலாவது ஸ்பூனும் கொடுப்பேன். கதவைச் சாத்திவிட்டுக் கொடுப்பேன்.

24-8-2025, ஞாயிற்றுக்கிழமை.