நம்மட டீம்

எங்கள் பக்கத்து ஊர்களுக்குக் கிரிக்கெட் சரிவராது என்று நான் பல தடவை சொல்லியிருக்கிறேன். ஆட்டத்தில் குறையில்லை, கலியாணத்தில்தான் குறை. பெண் வீட்டார் வீட்டைக் கட்டிக் கொடுத்து மாப்பிள்ளையை அங்கேயே குடிவைத்துக்கொள்வார்கள். ஓர் ஊர் சோறு போட்டு வளர்த்த பந்துவீச்சாளன் ஒரே நிக்காஹ்வில் அடுத்த ஊருக்குச் சொந்தமாகிவிடுவான். பிறகு எந்த ஊர் டீமை நம்புவது?

நான் கல்முனையான். எண்பதுகளில் சம்மாந்துறைக்கு மாப்பிள்ளையாகப் போனேன். அதே வருஷம் எங்கள் டீமின் வேகப்பந்துக்காரனையும் அந்த ஊர்க்காரர்கள் மாப்பிள்ளை எடுத்துக்கொண்டார்கள். அவனை ஏன் எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியும். என்னை ஏன் எடுத்தார்கள் என்றுதான் இன்றுவரை விளங்கவில்லை. எனக்கு மட்டை பிடிக்கவே தெரியாது, வாய் மட்டும்தான்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள் இரண்டு ஊருக்கும் ஆட்டம் நடக்கும். அந்த முறை எங்கள் மைதானத்தில். கலியாணமாகி இரண்டாம் வருஷம் எனக்கு. காலையிலேயே போய் என் ஊர்க்காரர்களோடு குந்திக்கொண்டேன். எதிர்ப்பக்கத்தில் மனைவியின் மூத்த தம்பி, அதாவது என் மச்சான், கெப்டன். பந்தை வாங்கிக்கொண்டு ஓடிவந்தவன், அவர்கள் மாப்பிள்ளை எடுத்துக்கொண்ட எங்கள் பொடியன்.

அதற்குமேல் என்னத்தைச் சொல்ல? முப்பத்தொன்பதுக்கு எங்கள் ஆட்கள் எல்லாரும் அவுட். அவன் ஒருவனே முக்கால்வாசிப் பேரை வீட்டுக்கு அனுப்பினான். "எறியிறான், அம்பயர், கைய வளைச்சு எறியிறான்" என்று தொண்டை கட்டும்வரை கத்தினேன். அவன் எங்களுக்கு விளையாடிய காலத்தில், அது எறிதலே இல்லை என்று வெளியூர்க்காரர்களோடு சண்டைக்குப் போனவனும் நான்தான். அது வேறு, இது வேறு. அவர்கள் ஒரு விக்கெட்டும் விடாமல் அடித்து முடித்தார்கள். மத்தியானம் ளுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்ல முன்னமே மைதானம் வெறிச்சோடிவிட்டது.

பின்னேரம் சைக்கிளில் சம்மாந்துறைக்குத் திரும்பினேன். மாவடிப்பள்ளி தாண்டினால் இரண்டு பக்கமும் வயல், மறைப்பே கிடையாது. மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று நேர் முகத்தில் அடித்தது. பின்னால் வந்த டிரக்டர் என் பக்கத்தில் நின்றது. இழுவைப் பெட்டி நிறைய வென்றவர்கள்.

"சைக்கிளத் தூக்கிப் போட்டுட்டு ஏறுங்க மச்சான்," என்றான் கெப்டன். "நம்மட டீம் வெண்டிரிக்கி, நீங்க ஏன் மூஞ்ச இப்பிடி வெச்சிரிக்கீங்க?"

"உங்கட டீம்," என்றேன். காற்றோடு மல்லுக்கட்டி மிதித்தே போனேன்.

வீட்டுக்கு வந்தால் அங்கே பெரிய சட்டியில் பெருநாளுக்கு அறுத்த குர்பான் இறைச்சி கொதிக்கிறது. கெப்டனுடைய உம்மா வென்றவர்களுக்குச் சாப்பாடு ஒழுங்கு செய்திருக்கிறார். கெப்டனுடைய உம்மா என்றால் என் மாமி. அவர்கள் விருந்து வைத்த வீடு என் மனைவிக்குக் கொடுத்த வீடு. வந்தவர்களுக்குக் கை கழுவத் தண்ணீர் ஊற்ற வேண்டிய ஆள் நான். ஊற்றினேன். அந்தப் பொடியனுடைய கைக்கும் ஊற்றினேன். என்னை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுகிறவன், நிமிர்ந்து பார்க்கவில்லை.

பொழுதுபட்டு மஃரிப் தொழுகைக்குப் பிறகு பாய் விரித்துச் சஹன்களை வைத்தார்கள். ஒரு பெரிய தட்டுச் சோற்றைச் சுற்றி ஆறு பேர் இருந்து ஒன்றாகக் கைவைப்பதுதான் எங்கள் விருந்து. கெப்டனுடைய சஹனில் ஓர் இடம் எனக்காக விட்டிருந்தார்கள். நான் குந்தப்போக, அவன் கையை நீட்டி மறித்தான்.

"ஒரு சொல்லுத்தான் மச்சான். 'நம்மட டீம் வெண்டிட்டு' எண்டு சொல்லிட்டுக் கைய வைங்க."

எல்லாரும் சிரித்தார்கள். பகிடிதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் சிரித்து முடித்த பிறகும் எல்லாரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கட என்றால் கேட்கிறவன் வெளியே நிற்கிறான். நம்மட என்றால் அவனும் உள்ளே. அந்த ஒரு சொல்லைச் சொன்னால் நான் அந்த ஊர்க்காரன். சொல்லாமல் எழும்பிப் போனால் மாமியின் சோற்றைத் தட்டிவிட்ட மருமகன். அந்த ஊரில்தான் என் பிள்ளைகள் பிறக்கப்போகிறார்கள், என் மையித்தையும் அங்கேதான் அடக்கப்போகிறார்கள்.

மாமி என்னோடு நேரே கதைப்பதில்லை. திரைச்சீலைக்குப் பின்னால் நின்று மகளிடம் சொல்வார், எனக்குக் கேட்கும்படி. "புள்ள, சோறு ஆறுது. அவரச் சாப்பிடச் சொல்லு."

"ஒரு சொல்லுத்தானே," என்றாள் என் மனைவி, சீலைக்குப் பின்னாலிருந்து. "சொல்லிட்டுத் திண்டாத்தான் என்ன?"

நீயுமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எங்கட டீம் தோத்திட்டு," என்றேன், குசினிவரை கேட்கும்படி. "முப்பத்தொம்பதுக்கு அவுட். அதச் சொல்ல எனக்கு வெக்கமில்ல. உங்கட டீம் வெண்டிட்டு. அதச் சொல்லவும் எனக்கு வெக்கமில்ல. நம்மட டீம் எண்டு ஒண்டு இண்டைக்கு வெளாடல்ல."

சொல்லிவிட்டு, பிந்தி வருகிறவர்களுக்கென்று ஓரத்தில் மூடி வைத்திருந்த சஹனைத் திறந்து, அதற்கு முன்னால் தனியே குந்தினேன். ஆறு பேருடைய சோறு, நான் ஒருவன். எங்கள் பக்கத்தில் யாரும் அப்படிச் சாப்பிட்டதில்லை. பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று பிஸ்மி சொல்லிக் கையை வைத்தேன். மாமியின் சோற்றை நான் மறுக்கவில்லை.

கெப்டனுக்கு முகம் கறுத்துவிட்டது. "கல்முனையான்ட வீறாப்பப் பாருங்களே," என்றான். இந்த முறை சிரிப்பு அவ்வளவாக எழும்பவில்லை.

அப்போது அவனுக்குப் பக்கத்தில், முதல் மரியாதை இடத்தில் இருந்த அந்தப் பொடியன் எழும்பினான். விரலெல்லாம் சோறு. நேரே வந்து எனக்கு எதிரில் குந்தி, என் சஹனில் கை வைத்தான். காலையிலிருந்து அவனுக்கென்று நான் சேர்த்து வைத்திருந்த ஏச்சு ஒரு மூட்டை இருந்தது. வாயைத் திறக்கப்போனேன். அவன் முந்திவிட்டான்.

"நம்மட பொடியன்மாருக்கு என்ன காக்கா நடந்த?" என்றான். கோபத்தில் அவன் குரல் தடுமாறியது. "ஒருத்தனும் கால முன்னுக்கு வெச்சு வெளாடல்லியே. நான் எப்பிடிப் போடுவன் எண்டு அவனுகளுக்குத் தெரியுந்தானே."

வீடு முழுக்க அது கேட்டது. அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், வாயில் வைக்கவில்லை.

"அடுத்த பெருநாளைக்கும் இப்பிடித்தான் போடுவியாடா?" என்று கேட்டேன்.

"ஓம் காக்கா. போடத்தானே வேணும்."

"போடு," என்றேன். "நம்மட பொடியன்மார் அடிப்பானுகள்."

"அடிக்கணும் காக்கா," என்றான் அவன்.