போகிற குளவி

எங்கள் இசைக்குழுவின் வேனில் பத்துப் பேர் உட்காரலாம். நாங்கள் பதினொரு பேர். அந்தப் பதினொன்றாவது ஆள் யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. பின்சக்கரத்துக்கு மேலே, ஸ்பீக்கர் பெட்டிக்கும் ஜன்னலுக்கும் நடுவே, உடம்பில் பாதியை மட்டும் வைக்கக்கூடிய ஓர் இடம் உண்டு. பசறையிலிருந்து மடுல்சீமைக்கு எத்தனை வளைவு என்பது ரோடு போட்டவர்களுக்கு மறந்திருக்கலாம். என் இடது தொடைக்கு மறக்காது. ஏழு வருடமாக அந்த அரை இடத்தில் உட்கார்ந்துதான் தோட்டத் தோட்டமாகப் போய்த் திருவிழாக்களில் கிட்டார் வாசித்து வந்தேன். பகலில் பதுளையில் போன் பழுது பார்க்கிற கடையில் வேலை. அங்கே நான் யாரோ. வேனில் ஏறினால்தான் நான் ஓர் ஆள்.

அந்த இடத்துக்குத்தான் ஆபத்து வந்தது.

குழுவை நடத்துகிறவர் பதுளை பஜாரில் துணிக்கடை வைத்திருப்பவர். எல்லோருக்கும் அவர் நானா, முஸ்லிம் வழக்கில் அண்ணன். பாடவும் மாட்டார், வாசிக்கவும் மாட்டார். ஆனால் யார் பிசகினாலும் முதலில் அவருடைய புருவம் ஏறும். ஒரு நாள் கடையில் துணி மடித்துக்கொண்டே சொன்னார்.

“தம்பி, கோவிக்க வேணாம். நம்மட கீபோர்ட்காரர் புதுசா ஒண்டு வாங்கி இரிக்கார். ஒரு பட்டன அமத்தினா கிட்டார் வருது. ஒங்கட கிட்டார விட சுருதி சுத்தமா வருது.”

“அப்ப நான், நானா?”

“அதத்தான் யோசிக்கிறன். மடுல்சீமப் பக்கம் திருவிழாவுக்கு இன்னம் மூணு கிழம இரிக்கி. கீபோர்ட்ல வராத சத்தம் ஒண்டு கொண்டு வாங்க. இல்லாட்டி அந்த எடத்துல இன்னொரு ஸ்பீக்கர் வைக்கலாம்.”

மனிதர்களிடம் நான் நிறையத் தோற்றிருக்கிறேன். அதில் எனக்கு நல்ல பயிற்சி. ஒரு ஸ்பீக்கர் பெட்டியிடம் தோற்றுவிட்டு வீட்டுக்குப் போய் என்னவென்று சொல்வது?

கிட்டாருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே மாட்டிவிட்டுக் காலால் மிதித்து ஒலியை மாற்றுகிற சின்னப் பெட்டிகளைப் பெடல் என்போம். என்னிடம் இரண்டு இருந்தன. ஒன்று ஃபஸ் பெடல். வாசிக்கிற சுரத்தைக் கரகரக்க வைப்பது. மற்றது வால்யூம் பெடல். தையல் மெஷின் மிதி மாதிரி. முன்னால் அழுத்தினால் சத்தம் ஏறும், பின்னால் சாய்த்தால் இறங்கும். இவை இரண்டையும் முன்பின்னாக மாற்றி மாட்டி, திருகுகளை எல்லாப் பக்கமும் திருகி, இரண்டு வாரம் போராடினேன். முதல் வாரம் கொத்து ரொட்டி போடுகிற சத்தம் வந்தது. இரண்டாம் வாரம் மேட்டில் இழுக்க முடியாமல் இருமுகிற லொறி. பக்கத்து வீட்டுக்காரர் வந்து, “தண்ணி மோட்டர் ரிப்பேரா?” என்று அக்கறையாகக் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். உண்மையைச் சொல்வதைவிட அது கௌரவமாக இருந்தது.

மூன்றாம் வாரம் என் கஞ்சத்தனம் கைகொடுத்தது. ஃபஸ் பெடலுக்குள் சதுரமான பேட்டரி ஒன்று போட வேண்டும். என் பேட்டரி தீர்ந்துபோக, புதிது வாங்க மனம் வராமல், கோயில் மைக்கிலிருந்து கழற்றிப்போட்ட பழைய பேட்டரி ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தேன். சாகக் கிடந்த அந்த பேட்டரியில் கரகரப்பு மெலிந்து, ஒடுங்கி, ஒரு ரீங்காரமாக மாறிவிட்டது. கம்பியை மெதுவாகத் தட்டி, வால்யூம் பெடலை இழையிழையாக அழுத்தினால், எங்கோ தூரத்திலிருந்து ஏதோ ஒன்று என்னை நோக்கி வந்தது. கையில் மயிர் சிலிர்த்தது. கீபோர்டில் நூறு பட்டன் இருக்கட்டும், இது இருக்காது.

வெளியே துணி காயப்போட்டுக்கொண்டிருந்த என் மனைவி உள்ளே ஓடி வந்து கதவை அடித்துச் சாத்தினாள்.

“கொளவி வந்துருச்சுன்னு நெனச்சேங்க! நெஞ்சு இன்னும் அடிச்சிக்குது.”

“அப்படியேவா இருக்கு?”

“அப்படியே இருக்கு. வேணாங்க இது.”

‘அப்படியே இருக்கு’ வரைக்கும் என் காதில் விழுந்தது. நான் லுணுகலைப் பக்கத்துத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்தில் பிறந்தவன். குளவி கொட்டியவர்களை, கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்குத் துணியில் போட்டு மலையிலிருந்து தூக்கி வருவதைச் சின்ன வயதிலேயே பார்த்தவன். அதெல்லாம் தலைக்குள் எங்கோ இருந்திருக்க வேண்டும். ஆனால் அந்த நேரத்தில் தலைக்குள் இருந்தது வேன்.

திருவிழாவின் முதல் நாள் வெள்ளிக்கிழமை. மாலை ஐந்தரைக்கு நிகழ்ச்சி. மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். பந்து விளையாடுகிற மைதானத்தில் மேடை போட்டிருந்தார்கள். மேடைக்கு எதிரே, சுவர் எழுப்பியது போலத் தேயிலை மலை. அதன் உச்சியில் வரிசையாக டர்பன்டைன் மரங்கள். வேலை நாள் என்பதால் மலையில் முப்பது நாற்பது பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஸ்பீக்கர்கள் எல்லாம் மலையைப் பார்த்தபடி நின்றன.

“ஒங்கட சத்தத்தக் காட்டுங்க பாப்பம்,” என்றார் நானா.

கண்ணை மூடிக்கொண்டேன். லயித்து வாசிக்கிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள் என்று எனக்கு ஓர் எண்ணம். கம்பியைத் தட்டினேன். பெடலை இழையிழையாக அழுத்தினேன். வீட்டில் சின்ன ஸ்பீக்கரில் கேட்டதெல்லாம் ஒன்றுமில்லை. இங்கே அது மலையில் மோதி, மேலேயிருந்து இறங்கி வருவது போலத் திரும்பி வந்தது. ஆகா என்று நினைத்தேன். முழுதாக அழுத்தினேன்.

முதுகில் பளீரென்று ஓர் அடி. டிரம்ஸ்காரர் குச்சியாலேயே போட்டிருந்தார். கண்ணைத் திறந்தேன்.

மலையில் ஆளே இல்லை. அப்படித்தான் முதலில் தெரிந்தது. பாதிப் பேர் தேயிலைக்குள் குப்புற விழுந்து படங்கை இழுத்துத் தலைமேல் போட்டுக்கொண்டிருந்தார்கள். மீதிப் பேர் கொழுந்தை எறிந்துவிட்டுச் சரிவில் ஓடி வந்துகொண்டிருந்தார்கள். “கொளவி! கொளவி! படுங்கடி!” என்ற கூச்சல் பிறகுதான் என் காதுக்கு எட்டியது. நான் கையை எடுத்தேன். சத்தம் சட்டென்று நின்றதும் இன்னும் மோசமாகிவிட்டது. குளவி எங்கோ உட்கார்ந்துவிட்டது, யார் மேல் என்று தெரியவில்லை என்பது போல எல்லோரும் தங்கள் தலையையும் தோளையும் அடித்துக்கொண்டார்கள். ஓடி வந்தவர்களில் ஒருவர் தண்ணீர் ஓடுகிற கானுக்குள் கால் வைத்து விழுந்தார். எழுந்திருக்கவில்லை.

பெண்களை மேற்பார்க்கிற கங்காணி கையில் கம்போடு மைதானத்துக்குள் வந்தார்.

“எவன்யா அது?”

பத்துப் பேரும் ஒரே நேரத்தில் என்னைக் காட்டினார்கள். எங்கள் குழு அதற்கு முன் அவ்வளவு ஒற்றுமையாக எதையும் செய்ததில்லை.

கோயில் கமிட்டித் தலைவரும் வந்துவிட்டார். “போன மாசந்தாங்க இதே மலையில கொளவி கொட்டி ஆளுங்கள ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம். வெளையாட்டா ஒங்களுக்கு?”

நான் கிட்டாரை முதுகுப்பக்கம் தள்ளி மறைத்தேன்.

நானாவின் புருவம் ஏறவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. “அந்தப் பெட்டியக் கழட்டுங்க,” என்றார் மெதுவாக. “போய் அந்தப் பொம்புளையப் பாத்துட்டு வாங்க. மத்தத பொறகு பேசுவம்.”

தோட்டத்து டிஸ்பென்சரி வாசலில் ஏழெட்டுப் பெண்கள் நின்றார்கள். நான் ஏறி வருவதைப் பார்த்ததும் ஒருத்தி உள்ளே பார்த்துச் சொன்னாள்: “இந்தா வந்துட்டாருடி, ஒன்னோட கொளவி.”

உள்ளே வாங்குப் பலகையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார் விழுந்தவர். கணுக்காலில் கட்டு.

“பாக்க வந்தீங்களா, கொட்ட வந்தீங்களா?”

“மன்னிச்சிருங்க அக்கா.”

“அக்காவா? ஒங்க தலைய மொதல்ல கண்ணாடியில பாருங்க.”

வாசலில் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

“ஏங்க, கிட்டார்ல பாட்டு வாசிக்கத் தெரியாதா ஒங்களுக்கு? எதுக்கு இந்தச் சத்தம்?”

ஒளிக்க என்ன இருக்கிறது, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கீபோர்ட், ஸ்பீக்கர், அரை இடம், மூன்று வாரம், கோயில் பேட்டரி. வாசலில் நின்றவள், “பாவம்டி, எடம் பிடிக்கிறதுக்கு நம்மள ஓட வுட்டுட்டாரு,” என்றாள்.

அவர் தலைமுடியை ஒதுக்கிக் காட்டினார். காதுக்குப் பின்னால் கறுத்த தழும்புகள்.

“போன மாசம் எனக்குந்தான் கொட்டுச்சு. வர்ற சத்தம் கேக்க நேரம் இருக்காதுங்க, கேட்ட ஒடனே விழுந்துறணும். கொளவியா இல்லியான்னு நின்னு கேட்டுக்கிட்டு இருந்தா உசிரு இருக்காது. போற சத்தம்தான் நீளம். படங்குக்குள்ள மூச்சப் பிடிச்சிக்கிட்டு அதத்தான் கேட்டுக்கிட்டே கெடப்போம். கொஞ்சம் கொஞ்சமா, தூரமா, மரத்துக்கு அந்தாண்ட போகும். அது முழுசாப் போனாத்தான் தலையத் தூக்குவோம்.”

முடியை இழுத்துத் தழும்பை மூடினார். பிறகு அவரே கேட்டார்:

“ஒங்க பெட்டியில கொளவி வருதே, போகுமா?”

கீழே இறங்கும்போதுதான் உறைத்தது. மூன்று வாரமாக என் கால் பெடலை முன்னால் மட்டுமே அழுத்தியிருந்தது. வர வைப்பதற்கே அத்தனை பாடு. போக வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பதினொரு பேர் வருவதாகக் கமிட்டியிடம் பேசியிருந்ததால் நானா என்னை மேடையில் ஓரமாக நிற்க விட்டார், பெட்டி இல்லாமல். கீபோர்ட்காரர் பட்டனை அழுத்தினார். கிட்டார் வந்தது, சுத்தமாக. நான் அதற்குப் பின்னால் ஒப்புக்குத் தட்டிக்கொண்டிருந்தேன். நான்காவது பாட்டு நடக்கும்போது ஓர் ஆட்டோ மைதானத்துக்குள் வந்தது. கட்டுப் போட்ட காலோடு அவர் இறங்கி, முன்வரிசைக் கதிரையில் உட்கார்ந்து, கமிட்டித் தலைவரைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். தலைவர் தலையைச் சொறிந்துகொண்டு மேடைக்கு வந்தார். நானாவின் காதில் பேசினார்.

நானா என்னிடம் வந்தார். இப்போது புருவம் ஏறியிருந்தது.

“அந்தக் கால்ல அடிபட்ட பிள்ளைக்கு அது போறதக் கேக்கோணுமாம். ஒரு தரம். இன்னொரு ஆளு விழுந்தா நீங்க பஸ்லதான் வரோணும். பஸ்சும் இல்ல.”

பெடல்கள் இரண்டையும் மாட்டினேன். ஃபஸ் பெடலின் சிவப்பு விளக்கு மினுக்கியது. அந்த பேட்டரி எந்த நிமிடமும் போய்விடும். புதியது போட்டால் வெறும் கரகரப்புத்தான் வரும். வேறு வழியில்லை. அறிவிப்பாளர் மைக்கில் சொன்னார்: “அன்பான பெரியோர்களே, இப்ப கேக்கப் போறது கொளவி இல்ல. எங்க கிட்டார்காரர்தான். தயவு செஞ்சு யாரும் ஓட வேணாம்.” ஒருவரும் சிரிக்கவில்லை. பிள்ளைகளை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார்கள். கங்காணி கம்போடு மேடைப்படியில் வந்து நின்றார்.

இந்த முறை கண்ணை மூடவில்லை. வால்யூம் பெடலை முழுதாக முன்னால் அழுத்தி வைத்துக்கொண்டு, டிரம்ஸோடு சேர்த்து ஓங்கித் தட்டினேன். ஊர்ந்து வருவது இல்லை. எடுத்த எடுப்பிலேயே மைதானம் முழுக்க ரீங்காரம். கைகள் தலைக்குப் போயின. நடுவில் ஒருவர் எழுந்துவிட்டார். முன்வரிசையில் அவர் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டு, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார். ஒரு நொடி அப்படியே நிறுத்தி வைத்தேன். பிறகு குதிகாலை இறக்கினேன்.

அது போகத் தொடங்கியது.

மயிரிழை அளவுக்குத்தான் காலை அசைத்தேன். மைதானத்தைத் தாண்டி, தேயிலைக்கு மேலே ஏறி, டர்பன்டைன் மரங்களை நோக்கிப் போனது. எழுந்து நின்றவர் உட்கார்ந்தார். ஜெனரேட்டர் ஓடுவது தனியாகக் கேட்டது. இன்னும் போனது. பிறகு இல்லை.

முந்தானைக்குள்ளிருந்து அவருடைய கை முதலில் இறங்கியது. பிறகு தலை வெளியே வந்தது.

“போயிருச்சுடி!” என்று பின்னாலிருந்து ஒருத்தி கத்தினாள். மைதானமே சிரித்தது. அப்புறம் விசில், கைதட்டல். “இன்னொரு தரம்! இன்னொரு தரம்!”

நான் தலைகுனிந்து வணங்கிவிட்டு ஓரமாக ஒதுங்கினேன். பெரிய கலைஞர் கேட்டதும் கொடுத்துவிடமாட்டார் என்று சனம் நினைத்தது. நானாவும் நினைத்தார் என்று அவர் முகத்தில் தெரிந்தது. உண்மை என்னவென்றால், என் கால் பாதித் தூரம்தான் போயிருந்தது. வால்யூம் பெடல் நடுவில் நிற்கும்போதே ஃபஸ் பெடலின் சிவப்பு விளக்கு அணைந்துவிட்டது. குளவியை மரம் வரைக்கும் அனுப்பியது நான். அதற்கு அந்தாண்ட அனுப்பியது செத்துப்போன பேட்டரி.

நிகழ்ச்சி முடிந்து வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது கட்டுக் காலோடு ஆட்டோவில் ஏறப் போனவர் நின்றார்.

“நல்லாத்தாங்க போச்சு. கடைசில மட்டும் சட்டுன்னு காணாமப் போயிருச்சு.”

நான் சுருட்டிய வயரைக் கீழே வைத்தேன்.

“கொளவி அப்படிப் போகாதுங்க. அடுத்த வருசம் ஒழுங்கா அனுப்புங்க.”

வேன் புறப்படத் தயாராக நின்றது. யாரும் என்னை ஏறச் சொல்லவும் இல்லை, ஏற வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. கதவருகே பெட்டியோடு நின்றேன். நானா முன்சீட்டிலிருந்து திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

“ஏறுங்க. அந்தப் பெட்டியக் கீழ வைக்க வேணாம், மடியில வைங்க.”

பின்சக்கரத்துக்கு மேலே என் அரை இடம் அப்படியே இருந்தது. பாதி உடம்பை அதில் வைத்தேன். பசறை போய்ச் சேரும் வரை, ஒவ்வொரு வளைவிலும், வலது காலைத் தரையில் ஊன்றிக் குதிகாலை மெதுவாக, மிக மெதுவாக இறக்கிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.