ஒரு வயலினும் ஓர் ஆமெனும்

"எழுதுறவனுக்கு என்னப்பா, வாசிக்கிறவனுக்குத்தான்..." என்பார் சர்ச்சில் ஆர்மோனியம் வாசித்த என் பெரியப்பா. வாசிக்கிறவனுக்கு என்ன என்பதுதான் மறந்துபோயிற்று. வெளிநாட்டிலிருந்து மதுரைக்குத் திரும்பி, ஒற்றை வயலினுக்கு ஓர் இசை எழுத உட்கார்ந்தபோது ஞாபகம் வந்திருந்தால் உதவியிருக்கும். அடுத்தவர் விரலை நம்பித் தொழில் செய்கிறவர்களுக்கு என் பாடு புரியும்.

துணைக்கு ஆள்

ஸ்டெல்லா டீச்சர் விளாங்குடிக்காரர். வருஷக்கணக்காக எங்கள் சபைப் பாடகர் குழுவின் பின்வரிசையில் வயலின் வாசித்தவர். விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகைக்கு முதல்முறையாக முன்னால் வந்து தனியாக வாசிக்கப் போகிறார். அதற்குத்தான் என் இசை. பாட்டு கிடையாது, பக்கவாத்தியமும் கிடையாது என்று விளக்கினேன். அவர் கணவர் சங்கடத்தோடு என்னைத் தனியே கூப்பிட்டார்.

"கீபோர்டுக்கு ஆள் கிடைக்கலைன்னா நான் சொல்லிவிடட்டுமாண்ணே?"

ஹாரன்

வில்லாபுரத்தில் நான் எழுதும் அறைக்குக் கீழேயே ஷேர் ஆட்டோக்கள் நிற்கும். அதில் ஒன்றின் ஹாரன், என் முதல் பாதியில் வருகிற இரண்டு சுரங்களை அப்படியே ஊதும். அதனிடமிருந்து நான் எடுத்தேனா, என்னிடமிருந்து அது எடுத்ததா என்று எனக்கே தெரியவில்லை. வாசித்துப் பார்க்க வந்த டீச்சர் அந்த இடத்தில் நிறுத்தினார்.

"அண்ணே, இந்த எடத்துல நான் ஓரமா ஒதுங்கணுமா?"

நிசப்தம்

நடுவில் ஒரு நீண்ட நிசப்தம் வைத்திருந்தேன். வில் நரம்புக்கு மேலேயே அசையாமல் நிற்கும். அதற்குப் பிறகுதான் நல்ல பாதி. ஒத்திகைக்குச் சபையார் கொஞ்சம் பேர் வந்திருந்தார்கள். வில் நின்றதுதான் தாமதம், எல்லோரும் சேர்ந்து "ஆமென்" என்று எழுந்து, செருப்பைத் தேடிப் போனார்கள். சத்தம் ஓய்ந்தால் ஆமென் சொல்லியே பழகியவர்கள், அவர்களைச் சொல்லி என்ன?

மீதியை டீச்சர் விடாமல் வாசித்தார். பெட்டியை மூடும்போது முகம் வாடியிருந்தது.

"பின்வரிசையிலயும் முதுகைத்தான் பாத்தேன். இம்புட்டு முதுகைப் பாக்கவா முன்னாடி வந்தேன்?"

அறிவிப்பு

நிசப்தத்தை வெட்ட மனசில்லை. பண்டிகையன்று ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், நடுவில் ஆமென் வேண்டாம் என்று போதகரிடம் கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஆமென் சொல்லாதீங்கன்னு நானே சொன்னா, அடுத்த வாரம் என்னை எந்த ஊருக்கு மாத்துவாங்க பிரதர்?"

வீட்டுக்கு வந்து, இசைத்தாளில் நிசப்தத்தின் மேல் "சபை: ஆமென்" என்று எழுதி, அந்தச் சத்தம் அடங்குமுன் டீச்சர் அடுத்த சுரத்தை ஓங்கி வாசிக்கும்படி குறித்துக் கொடுத்தேன்.