உள்ளே வந்த எவரும் படிக்கலாம்

பல்கலைக்கழக நூலகத்தில் அவளுக்குச் சல்லடை என்று பெயர். வைத்தது யாரென்று அவளுக்குத் தெரியும்; நேரில் கூப்பிடும் துணிச்சல் ஒருவருக்கும் கிடையாது. மின்னிதழ்ப் பிரிவு அவள் பொறுப்பு. பதிப்பகங்கள் இணையத்தில் பூட்டி வைத்திருக்கும் ஆய்விதழ்களை நூலகம் சந்தா கட்டித் திறந்து வாங்கும். யார் படிக்கலாம், யார் கூடாது என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் இருக்கும். அதை வரிவரியாகக் கரைத்துக் குடித்தவள் அவள். அவள் கண்ணுக்குப் பதிப்பகத்தான் திருடன், மாணவன் திருடனுக்குத் தம்பி. வீட்டிலும் இதே கதைதான். கணவர் சீக்கிரம் வந்தால், "என்ன, வேலை போயிடுச்சா?" என்பாள், தாமதமாக வந்தால் கேட்கவே வேண்டாம். மனுஷன் பாவம், சரியான நேரத்துக்கு வரப் பழகிக்கொண்டார். அதுவும் அவளுக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

ஒரு திங்கட்கிழமை பெரிய பதிப்பகம் ஒன்று எச்சரிக்கை அனுப்பியது. நூலகத்து இணைப்பிலிருந்து யாரோ கட்டுரைகளை மொத்தமாக டவுன்லோடு செய்கிறார்கள். நிறுத்தாவிட்டால் பல்கலைக்கழகம் முழுவதற்கும் இதழ்களை மூடிவிடுவார்களாம். நூலகக் கணினிகள் எல்லாம் வெளியே ஒரே இணைய முகவரியோடுதான் போகும். எந்தக் கணினி என்று பதிப்பகத்துக்குத் தெரியாது. சல்லடைக்குத் தெரிந்துவிட்டது. ஜன்னலோரக் கணினி.

அங்கே சில வாரங்களாக ஒரு பஸ் ஓட்டுநர் வேலை முடிந்த சீருடையோடு வந்து உட்காருகிறார். மாணவரும் இல்லை, ஆசிரியரும் இல்லை. கட்டடத்துக்குள் வந்த எவரும் அங்கேயே உட்கார்ந்து படிக்கலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி உண்டு. பெயர்கூடக் கேட்க வேண்டியதில்லை. சல்லடைக்குத் தொண்டையில் முள்ளாகக் குத்தும் வரி அது. பஸ் ஓட்டுகிறவருக்கு ரத்த நோய் இதழில் என்ன வேலை? யாரோ ஆள் வைத்து எடுக்கிறார்கள், வெளியே விற்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டாள். அன்றைக்கே அவர் பின்னால் போய் நின்றாள்.

"என்ன படிக்கிறீங்க?"

"பொண்ணுக்கு ரத்தத்துல ஒரு கோளாறு மேடம். புது மருந்து ஒண்ணு குடுக்கலாம்னு சொல்றாங்க. வெள்ளிக்கிழமை சம்மதக் கையெழுத்துப் போடணும். அந்த மருந்து ஏத்தின பிள்ளைங்களுக்கு என்ன ஆச்சுன்னு இதுல இருக்காம்."

"உங்களுக்கு இதெல்லாம் புரியுதா?"

"பாதி புரியல. அகராதி பாத்துப் பாத்துப் போறேன். இன்னும் ரெண்டு கட்டுரை முடிச்சிட்டா..."

"யார் சொல்லி வந்தீங்க?"

"யாரும் சொல்லல. நானாத்தான் வந்தேன்."

நானாகத்தான் வந்தேன் என்கிறவரை நம்பவே கூடாது என்பது அவள் கட்சி. "இனிமே வெளியாளுங்களுக்கு இது கிடையாது. எழுந்திரிங்க," என்றாள்.

அவர் திறந்திருந்த பக்கத்தை ஒருமுறை பார்த்தார். வாதாடாமல் எழுந்து போனார். வாதாடாததையும் அவர் கணக்கில் ஒரு குற்றமாகச் சேர்த்துக்கொண்டாள் மகராசி. கையோடு கணினியின் வயரையும் பிடுங்கிவிட்டாள்.

டவுன்லோடு நிற்கவில்லை. மறு வாரம் இன்னும் காரமாக ஓர் எச்சரிக்கை வந்தது. நெட்வொர்க் பார்க்கிறவர் துழாவிக்கொண்டே வந்து அவள் அறை வாசலில் நின்றார். சிரிப்பை அடக்க அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல.

"மேடம், உங்க மெஷின்தான்."

"என்ன உளர்றீங்க?"

உளறல் இல்லை. சந்தா கட்டிய இதழ்களில் எதையாவது பதிப்பகம் சத்தமில்லாமல் மூடிவிடுகிறதா என்று பிடிப்பதற்காக, அவளே ஒரு சின்ன நிரலை எழுதச் சொல்லி வைத்திருந்தாள். தினமும் காலையில் அது ஒவ்வோர் இதழையும் திறந்து ஒரு கட்டுரையை இறக்கிப் பார்க்கும். போன மாதம் அதுவும் போதாமல், பழைய ஆண்டுகளையும் விடாதே என்று மாற்றச் சொன்னவளும் அவள்தான். அதுதான் இத்தனை நாளாக வாரி வாரி இறக்கிக்கொண்டிருந்தது.

தலைமை நூலகர் கதவைச் சாத்தினார். "யாரோ வெளியாள்னு பதில் போட்டுடுங்க. ஆளையும்தான் அனுப்பிட்டீங்களே. அடுத்த ஒப்பந்தத்துல, உள்ள வந்த எவரும் படிக்கலாங்கற அந்த வரிய அவங்களே எடுத்துடுவாங்க. உங்களுக்கும் தொல்லை விட்டுது."

இத்தனை வருஷமாக அவள் கேட்டது இதைத்தான். இப்போது தட்டில் வைத்துக் கொடுத்தார்கள், கை நீளவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. தவறு என்னுடையது, வெளியாள் யாருக்கும் இதில் சம்பந்தமில்லை என்று தன் பெயரைப் போட்டுப் பதில் அனுப்பினாள். பிடுங்கிய வயரைத் தானே குனிந்து மாட்டினாள்.

ஓட்டுநரின் சட்டையில் எந்தப் பணிமனை என்று எழுதியிருந்தது நினைவிருந்தது. நோட்டம் விட்டபோது அவள் எதையும் மிச்சம் வைத்திருக்கவில்லை. சாயங்காலம் அங்கே போனபோது அவர் வண்டியின் முன் கண்ணாடியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"தப்பு என் மேலதான். நீங்க எப்ப வேணா வந்து படிக்கலாம்," என்றாள்.

"இனிமே எதுக்கு மேடம்? வெள்ளிக்கிழமையே கையெழுத்துப் போட்டாச்சு."

"அந்த ரெண்டு கட்டுரை?"

"படிக்கல. டாக்டர் காட்டின இடத்துல போட்டேன். மருந்து ஏத்திட்டு இருக்காங்க."

"பொண்ணு இப்ப எப்படி இருக்கா?"

அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு அவளை மேலும் கீழும் பார்த்தார். "எதுக்குக் கேக்கறீங்க?"

அவர் நம்பும்படி ஒரு பதிலைத் தேடினாள். வாயில் வந்த ஒவ்வொன்றும், அவர் இடத்தில் தான் நின்றிருந்தால் நம்பியிருக்க மாட்டாத பதிலாகவே இருந்தது.