மகன் விட்டுப்போன காரின் கதவு

மூன்று வருஷத்துக்கு முந்தி, ஒரு மழைக்காலத்தில், கண்டியில் ஹந்தானைக்கு ஏறுகிற வீதியில் எங்கள் வீட்டு வாசலில் நடந்தது இது. நிறுத்தியிருந்த காரில், பின்னுக்கு எடுத்த தேயிலைக் கொழுந்து லொறி ஒன்று இடித்துவிட்டது. ஓட்டுகிற பக்கத்துக் கதவு உள்ளே அமுங்கிப்போனது.

அந்தக் கார் மகனுடையது. உழைத்து வாங்கி, ஆசை தீர ஓட்டுவதற்கு முன்பே அவனுக்கு ஆஸ்திரேலியாவில் வேலை கிடைத்தது. "விக்க வேணாம்மா, நான் வந்து ஓட்டுறேன்" என்று சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனான். அவன் அப்பா இடைக்கிடை ஸ்டார்ட் பண்ணி வைப்பார். எங்கேயும் ஓட்டிப் போனதில்லை.

இன்ஷூரன்ஸ்காரர்கள் காட்டிய கராஜ் குண்டசாலைப் பக்கம் இருந்தது. கார் திரும்பி வந்த அன்று பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் வெயில் ஏறியதும், அந்தக் கதவு மட்டும் வேறு காரிலிருந்து கழற்றி மாட்டின மாதிரி தனி நிறமாகத் தெரிந்தது. அடித்துச் சாத்தினால்தான் மூடியது. அடுத்த மழைக்கு உள்ளே கால் வைக்கும் இடத்தில் தண்ணீர்.

திருப்பிக் கொடுத்தோம். மினுக்கி அனுப்பினார்கள். அதே நிறம், அதே தண்ணீர். "நிக்கிற காருக்கு இது போதும், விடு" என்றார் வீட்டுக்காரர். எனக்கு விட மனமில்லை. படிப்பிக்கிற வகுப்பில்கூடச் சத்தம் போடாத நான், இன்ஷூரன்ஸ் ஒபிஸில் போய் நின்று சத்தம் போட்டேன். கடைசியில் அவர்களே ஆள் அனுப்பிப் பார்த்து, முழுசாக மறுபடி செய்து தரச் சொன்னார்கள்.

இந்த முறை எடுக்க நானும் போனேன். கராஜ் முதலாளி ஒரு முஸ்லிம் மனிதர். கதவை ஒரு விரலால் தள்ளிக் காட்டினார், மெல்லச் சாத்திக்கொண்டது. வெயிலில் நிறுத்தி நிறத்தையும் காட்டினார். குறை சொல்ல ஒன்றும் இல்லை. உள்ளே எட்டிப் பார்த்தேன். சீட்டை முன்னுக்கு இழுத்திருந்தார்கள்.

"ஏன் சீட்ட இழுத்தீங்க?" என்று கத்திவிட்டேன்.

அவர் திகைத்துப்போனார். "வேல செய்ய இழுத்திருப்பாங்க டீச்சர். எங்க வேணுமோ அங்க வெச்சிக்கலாம்தானே? எவ்வளவு பின்னுக்கு இருந்திச்சுன்னு சொல்லுங்க, வெச்சித் தாறேன்."

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மகன் நல்ல உயரம். கால் நீட்டத் தோதாகப் பின்னுக்குத் தள்ளி வைத்திருந்தான். அவன் விட்டுப்போனபடியே இருக்கட்டும் என்று அவன் அப்பாகூட நுனியில் உட்கார்ந்துதான் ஸ்டார்ட் பண்ணுவார். இதையெல்லாம் அந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது? கண் கலங்கிவிட்டது. "மகன் வெளிநாட்டில" என்று மட்டும் சொன்னேன்.

அவர் நான் உட்கார ஒரு கதிரையை இழுத்துப் போட்டார், பிளேன்டீ வரவழைத்தார். "என்ட மகளும் கட்டார்ல" என்றார். இரண்டு பேரும் சேர்ந்து குடித்தோம்.

அன்று பின்னேரம் காரைச் சுற்றி வீடியோ எடுத்து மகனுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டான். "அம்மா, புதுசு மாதிரியே இருக்கே! இப்பவே வித்துடுங்க. நல்லா இருக்கிறப்பவே போகட்டும்."

"நீ வந்து ஓட்டுறேன்னு சொன்னியேப்பா?"

"லீவுக்கு வருவேன்மா. இங்கேயே நிரந்தரமா இருக்கிறதுக்கு எழுதிப் போட்டிருக்கேன். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல."

நான் அழவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டேன்.

காரைப் பேராதனைப் பக்கத்து இளம் தம்பதி ஒன்று வாங்கிப் போனது. இடிபட்ட கதவு என்று நாங்களே சொல்லியும் அவர்கள் நம்பவில்லை. மகன் நன்றாக இருக்கிறான், லீவுக்கு வந்தும் போனான். ஆனாலும் டவுனில் அந்த நிறத்தில் ஒரு கார் போனால், அது எங்களுடையது இல்லை என்று தெரிந்தும், ஓட்டுகிற இடத்தில் யார் இருக்கிறார்கள் என்றுதான் என் கண் முதலில் தேடுகிறது.