றோட்டுக்கு இந்தப் பக்கத்து வாக்கு

இத்தாலியின் பலெர்மோவில் என்னைப் போல வீட்டுவேலை செய்பவர்களுக்கு வியாழக்கிழமை பின்னேரம் ஓய்வு. இங்கிலாந்தில் உள்ளூராட்சித் தேர்தலும் வியாழக்கிழமைதான். லண்டனில் என் தங்கை தன் வட்டாரத்தில் நகரசபைக்கு நின்ற அந்த மே மாதம், இதைக் கடவுளே பார்த்துப் பொருத்திவைத்தார் என்று நம்பினேன். இலங்கைக் கடவுச்சீட்டோடு அங்கே வாக்குப் போடலாம், வேட்பாளராகவும் நிற்கலாம். இங்கே பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கவே குவெஸ்தூரா என்கிற பொலிஸ் தலைமையக வாசலில் தவம் கிடக்க வேண்டும். எனக்கு வாக்குத்தான் இல்லை, வாய் இருந்தது.

பொலிதேயாமா அரங்குக்குப் பக்கத்துத் தொலைபேசிக் கடையில் கூண்டுக்குள் புகுந்தேன். தங்கை போகிற மாதா கோவிலுக்குப் போகும் எங்கள் ஊர்ச் சனம் அத்தனை பேரையும் ஒவ்வொருவராகப் பிடித்தேன். ஒரே கோவில், ஒரே பங்கு என்றால் ஒரே வட்டாரம்தானே? அதையெல்லாம் யார் விசாரித்தது!

"மாமி, இன்னும் வாக்குப் போடேல்லையோ? செருப்பைப் போடுங்கோ, வெளிக்கிடுங்கோ!"

பிறகு, போட்டாச்சோ என்று விசாரிக்க எடுத்தபோது அந்த மாமி வெடித்தார். "போனனான் பிள்ளை. வாக்குச் சீட்டிலை உன்ரை தங்கச்சியின்ரை பேரே இல்லை. எனக்குப் பெரிய வெட்கமாப் போச்சு!"

கள்ளவேலை நடக்கிறது என்று கொதித்துப்போய்த் தங்கைக்குப் போன் அடித்தேன். தேத்தண்ணி குடிக்க வீட்டுக்கு வந்திருந்தாள். கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அக்கா, அவையெல்லாம் றோட்டுக்கு அங்காலை. அது வேற வட்டாரம்." பிறகு சிரிப்பு நின்றது. "இஞ்சை சரியான இழுபறி. நான் தோத்துப் போவன் போல இருக்கு."

ஆத்திரக்காரருக்குப் புத்தி மட்டு. நான் திரட்டிய படை முழுவதும் அந்தப் பக்கம். இந்தப் பக்கத்தில் எனக்குத் தெரிந்தது ஒரே வீடு, எங்கள் அண்ணன் வீடு. அவர் மனைவியான மச்சாள், வளர்ந்த பிள்ளைகள் என்று வீடு நிறைய வாக்கு. ஆனால் தங்கை தன் விருப்பத்துக்குக் கல்யாணம் செய்த நாளிலிருந்து அவர் அவளோடு கதைப்பதில்லை. அவளுக்காகப் பரிந்து பேசிய என்னோடும் பட்டும் படாமலும்தான்.

அவருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அண்ணை, அவளோடை கதைக்க வேண்டாம். அவளை மன்னிக்கவும் வேண்டாம். அவளின்ரை பேருக்கு நேரை ஒரு புள்ளடி மட்டும் போடுங்கோ."

"ஆர் உன்னைக் கேக்கச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. அவள் தோத்தால் நான் தாங்கமாட்டன், அண்ணை."

அவர் தொலைபேசியை வைத்துவிட்டார்.

மறுநாள் காலை நான் வேலைசெய்யும் சின்யோரா வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது தங்கை எடுத்தாள். வென்றுவிட்டாள்! மயிரிழையில்! நான் போட்ட கூச்சலில் யாரோ செத்துப்போனார்கள் என்று சின்யோரா சிலுவை போட்டுக்கொண்டு ஓடிவந்தாள். ஈரக்கையோடு அவளைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினேன். இத்தாலிக்கு வந்த பிறகு அவ்வளவு சந்தோசமாக நான் கத்தியதே இல்லை.

"அண்ணை வந்தவரோ?" என்று மூச்சிரைக்கக் கேட்டேன்.

"வாக்குச்சாவடி பூட்டப்போற நேரத்திலை எல்லாரையும் கூட்டிக்கொண்டு வந்தவர். நான் வாசலிலைதான் நிண்டனான். என்னைத் திரும்பியும் பாக்கேல்லை."

"போகட்டும் விடு. தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும்."

"இல்லை அக்கா, கேளுங்கோ. மச்சாள் பிறகு என்ரை காதுக்குள்ளை சொன்னவ. இவ்வளவு வருசத்திலை நேற்றுத்தான் அண்ணை வீட்டிலை என்ரை பேரைச் சொன்னவராம். ஆருக்குப் புள்ளடி போட வேணுமெண்டு பிள்ளையள் கேட்டவையாம்."